ஸ்டீபன்ராஜ் மகள் எடுத்த சீட்

திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த ஸ்டீபன்ராஜுக்கு இந்த உலகத்தில் யார்மேலும் பகை கிடையாது, ஒரு வயதுப் பிள்ளைகளைத் தவிர. உங்களில் யாராவது பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கு ஸ்டூடியோவுக்குத் தூக்கிப்போயிருந்தால் உங்களுக்கே தெரியும். புதுச் சட்டை கழுத்தில் உறுத்தும். விளக்கில் கண் கூசும். பிள்ளை வீல் என்று கத்தும். அம்மா கை தட்டுவாள், அப்பா விசிலடிப்பார், கூட வந்த சித்தப்பா நாய் மாதிரி குரைத்துக் காட்டுவார். இத்தனையும் பார்த்துப் பிள்ளை இன்னும் பயந்துபோய்க் கத்தும். கடைசியில் பழி போட்டோக்காரர்மேல் விழும். முப்பது வருஷமாக ஸ்டீபன்ராஜ் இந்தப் பழியைச் சுமந்துகொண்டிருந்தார்.

அவருக்கு ஒரே மகள் ஜெர்லின். விழுப்புரம் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் படித்து முடித்து, ஹவுஸ் சர்ஜனாகக் கடைசி மாதத்தில் இருந்தாள். மேல்படிப்புக்குப் பரீட்சை எழுதி நல்ல ராங்க்கும் வாங்கிவிட்டாள். அது 2016ஆம் வருஷம், பங்குனி வெயில் ஏற ஆரம்பித்திருந்த நேரம். இன்னும் பத்து நாளில் சென்னையில் கவுன்சிலிங். ராங்க் வரிசையில் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். மீதி இருக்கிற சீட்டில் எது வேண்டும் என்று கேட்பார்கள். வாயைத் திறந்து சொன்னால் சொன்னதுதான், அப்புறம் மாற்ற முடியாது.

ஸ்டீபன்ராஜ் ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டார். ரேடியாலஜி. எக்ஸ்ரே, ஸ்கேன். தான் வெளியே படம் எடுக்கிறவன், மகள் உள்ளே படம் எடுக்கிறவள். ஏசி ரூம், நோயாளி வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. இந்தச் சேதியை அவர் தெரு முழுக்கச் சொல்லியும் ஆயிற்று. மளிகைக் கடை சுப்பராயலு ஜெர்லினைப் பார்க்கும்போதெல்லாம், "ஸ்கேன் டாக்டர் வர்றாங்க, வழி விடுங்கப்பா" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த ஜெர்லின் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, எனக்கு ரேடியாலஜி வேணாம். பீடியாட்ரிக்ஸ் எடுக்கலாம்னு இருக்கேன்."

"இன்னாது?"

"கொழந்தைங்க டாக்டர்."

மீன் குழம்பில் பிசைந்த கை அப்படியே நின்றது.

"ஏம்மா, உனுக்கு இன்னா ஆச்சு? கொழந்தைங்கன்னா இன்னான்னு தெரியுமா உனுக்கு? கத்தும். கடிக்கும். மேலயே ஒன்னுக்குப் போவும். எங்க வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லாது. அதுங்களைக்கூட விட்ரலாம், கூட ஏழு பேரு வருவாங்க பாரு, அதுங்க பண்ற பேஜாரு இருக்கே!"

"தெரியும்பா. ஸ்டூடியோவுல பாத்துக்கினு தானே வளந்தேன்."

"பாத்துட்டுமா? ஏன்? ஒரே ஒரு காரணம் சொல்லு, கேக்கறேன்."

ஜெர்லின் யோசித்தாள். "தெரியலப்பா. அந்த வார்டு புடிச்சிருக்கு."

"மல்லாட்டை உருண்டைகூடத்தான் உனுக்குப் புடிக்கும். அதுக்காக அதையா எம்.டி. படிப்ப?"

ஜெர்லினின் அம்மா ஞானமேரி இன்னொரு கரண்டி குழம்பை அவர் தட்டில் ஊற்றினாள். "விடுங்க. நீங்க ஒரு இருட்டு ரூமு, அவ ஒரு இருட்டு ரூமு, நான் மட்டும் வெளிய வெயில்ல நின்னுக்கினு இருக்கணுமா? வீட்ல ஒருத்தராவது மனுஷங்க மூஞ்சியப் பாக்கட்டும்."

"நீ சும்மா இரு மேரி. இது வெளையாட்டு இல்ல."

விளையாட்டு இல்லைதான். அவர் சரியாகச் சாப்பிடாமல் எழுந்துபோனார். ஜெர்லினும் மாலை பஸ்ஸில் முகம் வாடித் திரும்பிப்போனாள். அப்பாவை மீறி எதையும் செய்து அவளுக்குப் பழக்கமில்லை. அப்பா வேண்டாம் என்று ஒரு வார்த்தை அழுத்திச் சொன்னால் ரேடியாலஜி என்று சொல்லிவிடுவோம் என்பது அவளுக்கே தெரியும். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அந்த வார்த்தையை அழுத்திச் சொல்வதற்காகத்தான் புதன்கிழமை காலையில் ஸ்டீபன்ராஜ் விழுப்புரம் பஸ் ஏறினார். கையில் ஒரு சாக்கும் இருந்தது: கவுன்சிலிங் பாரத்தில் ஒட்டுவதற்கு மகளின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, புது இஸ்திரி. விழுப்புரம் வரை போகத் தேவையில்லை, முண்டியம்பாக்கத்திலேயே இறங்கி ஆஸ்பத்திரிக்குள் நடந்தார்.

"அப்பா, ஓபி முடிய ஒரு மணி ஆவும். அங்க உக்காருங்க" என்று சொல்லிவிட்டு ஜெர்லின் உள்ளே போய்விட்டாள். அவள் காட்டிய இடம் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தாய்மார்கள் காத்திருக்கிற பெஞ்சு. ஸ்டீபன்ராஜ் அந்தப் பெஞ்சைப் பார்த்தார். இருபது பிள்ளைகள். பதினான்கு அழுதுகொண்டிருந்தன. மீதி ஆறும் அழப்போகிற முகத்தோடு இருந்தன. வேறு வழியில்லாமல் ஓரமாக உட்கார்ந்தார்.

பக்கத்தில் ஒரு சின்ன வயசுப் பெண். மூன்று வயதுப் பையன் மடியில். அவன் மூக்கின் ஒரு பக்கத்திலிருந்து பச்சையாக ஒழுகிக்கொண்டிருந்தது. நாற்றமும் அடித்தது. ஸ்டீபன்ராஜ் வெள்ளைச் சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு இரண்டு விரல்கடை நகர்ந்தார். பையனும் அதே இரண்டு விரல்கடை நகர்ந்து வந்தான்.

அந்தப் பெண் கண்ணை மூடி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். தவக்காலம். நம்மவளாச்சே என்று ஸ்டீபன்ராஜ் சற்று இளகி, அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பதுதானே அவர் தொழில். ஒவ்வொரு மணியாக உருட்டிக்கொண்டு போன விரல், ஒரு மணியில் மட்டும் நின்று, விட்டு, மறுபடியும் அதையே உருட்டியது.

பத்து மணிக்குப் பத்து ஜெபம் என்கிற ஒரு வரிசை முடிந்து கண்ணைத் திறந்தவளிடம் கேட்டார். "ஏம்மா, ஒரே மணியில ரெண்டு அருள்நிறைந்த மரியே சொல்ற?"

அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "கண்டுபுடிச்சிட்டீங்களா? இந்த எடத்துல ஒம்போது மணிதாங்கய்யா இருக்குது. இவன் புடிச்சி இழுத்து அறுத்துட்டான். பொறுக்கிக் கோத்தா ஒன்னு கம்மி. அதான் ஒன்னை ரெண்டு தரம் தொட்டு சரி பண்ணிக்கினு இருக்கேன்."

"வேற மாலை எடுத்துக்கறது."

"இது கல்யாணத்துல எங்க அத்தை குடுத்தது, சாமியாரு மந்திரிச்சிக் குடுத்தாரு. வெச்சிட்டு வேற எடுக்க மனசு வர்ல. எங்க வூட்டுக்காரருதான் கிண்டல் பண்ணிக்கினு கெடக்கிறாரு, மாதாவையே ஏமாத்தறடி நீன்னு."

"பையனுக்கு இன்னா?"

"சளிங்கய்யா. வளவனூர்ல மருந்து வாங்கி ஊத்தினேன். ஒரு வாரமா நிக்கல."

இதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். எலிசா. அவள் பையனைத் தூக்கிக்கொண்டு எழுந்தபோது பை கீழே விழுந்தது, பால் பாட்டில் உருண்டது, செருப்பு கழன்றது. ஸ்டீபன்ராஜ் திட்டிக்கொண்டே பாட்டிலையும் பையையும் பொறுக்கிக்கொண்டு பின்னால் போனார். அப்படித்தான் அவர் மகள் வேலை செய்கிற அறைக்குள் முதல்முறையாக நுழைந்தார்.

ஜெர்லின் அப்பாவைக் கவனிக்கவில்லை. அவள் பையனையும் பார்க்கவில்லை. எலிசாவைப் பார்த்துப் பேசிக்கொண்டே, ஸ்டெதாஸ்கோப்பைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அப்புறம் எலிசாவின் கையில். அப்புறம் பையனின் செருப்பில் வைத்துக் காதைச் சாய்த்துக் கேட்டாள். "செருப்புக்கு ஜுரம் இல்ல" என்றாள், யாரிடமோ சொல்வது போல. அழத் தயாராக இருந்த பையன் செருப்பைக் குனிந்து பார்த்தான். பிறகு அவனாகவே அந்தக் குழாயைப் பிடித்து இழுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

ஸ்டீபன்ராஜுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிள்ளையை முதலில் நீ பார்க்காதே, பிள்ளை உன்னைப் பார்க்கிற வரைக்கும் பொறு. இது அவர் ஸ்டூடியோ வித்தை! மூன்று வயதிலிருந்து கிலுகிலுப்பையைப் பிடித்துக்கொண்டு கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற பெண், அதை எடுத்துக்கொண்டு வந்து இங்கே வைத்திருக்கிறாள்.

"உம் பேரு இன்னா?" ஜெர்லின் இப்போதுதான் பையனைக் கேட்டாள்.

"ஜெனித்" என்றான் மூக்கால்.

அவள் ஒரு பக்க மூக்கைப் பார்த்தாள், மறு பக்கத்தைப் பார்த்தாள். "ரெண்டு பக்கமும் ஒழுகுதா, ஒரு பக்கம் மட்டுமா?"

"வலது பக்கம் மட்டுந்தான் மேடம்."

"எப்பவும் இப்டி நாத்தம் அடிக்குதா? சளின்னா ரெண்டு பக்கமும் வரும்மா. இவன் மூக்குல எதையோ போட்டுக்கினு இருக்கான். வூட்ல பட்டன், கொட்டை, பாசி, ஏதாவது காணாமப் போச்சா?"

"அய்யோ இல்லைங்க மேடம். நான் ஒன்னையும் கீழ வெக்கிறதே இல்ல. ஒன்னுமே காணாமப் போவல."

"அடிப்பாவி!" என்றார் பின்னாலிருந்து ஸ்டீபன்ராஜ். எல்லோரும் திரும்பினார்கள். "ஒம்போது மணின்னு இப்பத்தானே சொன்ன! பத்தாவது எங்கன்னு மாதாவுக்குத் தெரிஞ்சிருக்கு, உனுக்குத் தெரியலையே!"

எலிசா ஜெபமாலையைப் பார்த்தாள். மகன் மூக்கைப் பார்த்தாள். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாவம், ஒரு வாரமாக மகன் மூக்கில் இருக்கிற மணி கிடைக்க வேண்டும் என்று அந்த மகனையே மடியில் வைத்துக்கொண்டு, தொலைந்ததைத் தேடித் தருகிற அந்தோணியாரைக் கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

ஜெர்லின் டார்ச் அடித்துப் பார்த்தாள். உள்ளே நீலமாக ஏதோ மினுங்கியது. பக்கத்து மேஜையிலிருந்த பெரிய டாக்டர் சங்கவியைக் கூப்பிட்டுக் காட்டினாள். சங்கவி பார்த்துவிட்டு, "உருண்டையா இருக்கு, இடுக்கி போட்டா உள்ள தள்ளிடும். அம்மா மூச்சுல ஒரு தடவை ட்ரை பண்ணுவோம். வர்லன்னா காது மூக்கு டாக்டர்கிட்ட அனுப்பிடலாம்" என்றார்.

அம்மா மூச்சு என்றால் இதுதான். பிள்ளை வாயைத் திறக்கும்போது அம்மா முத்தம் கொடுக்கிற மாதிரி வாயோடு வாய் வைத்து ஒரே ஊது ஊத வேண்டும். நல்ல பக்கத்து மூக்கை டாக்டர் விரலால் மூடிக்கொள்வார். காற்றுக்குப் போக வேறு வழி இருக்காது, அடைத்திருப்பதைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். கத்தி இல்லை, ஊசி இல்லை. ஆனால் பிள்ளை வாயைத் திறக்க வேண்டும். அழும்போது ஊதினால் புரையேறும், பல்லைக் கடித்துக்கொண்டால் காற்றே போகாது.

ஜெனித் நிலைமையைப் புரிந்துகொண்டு பல்லைக் கடித்துக்கொண்டான்.

எலிசா கெஞ்சினாள். நர்ஸ் கை தட்டினார். ஜெர்லின் செருப்பை மறுபடியும் பரிசோதித்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. பையன் உதடு பிதுங்கியது. அழ ஆரம்பித்தால் வேலை கெட்டது.

"நவுரு" என்றார் ஸ்டீபன்ராஜ்.

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டார். முழு முகமும் மறைந்தது. சத்தமே இல்லை. அசையவும் இல்லை. ஐம்பத்தெட்டு வயது மனிதர் ஆஸ்பத்திரி நடுவில் தூண் மாதிரி நின்றார். ஜெனித் அழுகையை மறந்து பார்த்தான். துண்டின் ஓரம் மெள்ள உயர்ந்தது. ஒரு மீசை தெரிந்தது. ஒரு கண் தெரிந்தது. அந்தக் கண் ஜெனித்தைப் பார்க்காமல் எங்கேயோ கூரையைப் பார்த்தது.

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் பிள்ளை வாயைத் திறந்தபடி நிற்கிற அரை நொடி ஒன்று உண்டு. முப்பது வருஷமாக அந்த அரை நொடியைத்தான் அவர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இப்ப!"

எலிசா ஊதினாள். பதற்றத்தில் கன்னத்தில் ஊதிவிட்டாள். ஜெனித்துக்குக் கூச்சமாகிச் சிரித்துவிட்டான்.

"என்னம்மா நீ, பலூன்கூட ஊதினதில்லையா?" என்றார் ஸ்டீபன்ராஜ் துண்டுக்குள்ளிருந்து. "மறுபடி. நான் சொல்றப்ப ஊது. ஜெர்லின், விரலை எடுக்காத."

மறுபடியும் துண்டு. மறுபடியும் மீசை. இந்தத் தடவை பையன் ஆசையோடு காத்திருந்தான், வாய் தானாகவே திறந்தது.

"இப்ப!"

பொட்டென்று ஒரு சத்தம். ஒரு வாரத்துச் சளியோடு நீல மணி பறந்து வந்து ஸ்டீபன்ராஜின் வெள்ளைச் சட்டையில், நெஞ்சுக்கு நேராக, மெடல் மாதிரி ஒட்டிக்கொண்டது.

அறை முழுக்கச் சிரிப்பு. சங்கவி டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எலிசா சிரித்துக்கொண்டே அழுதாள். ஜெனித் மட்டும் ரொம்ப முக்கியமான காரியமாகக் கையை நீட்டினான். "எனுது. குடு."

"குடுத்தா இடது பக்கம் போட்டுப்ப" என்றாள் ஜெர்லின்.

மூக்கை இன்னொரு தடவை பார்த்து, மருந்து எழுதிக் கொடுத்தாள். எலிசா கையெடுத்துக் கும்பிட்டாள். ஜெனித் வாசலில் ஒரு நாயைப் பார்த்துவிட்டான். அவ்வளவுதான், அம்மா இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி ஓடியே போனான்.

ஒரு மணிக்கு இரண்டு பேரும் வெளியே புங்க மரத்தடியில் டீ குடித்தார்கள். சட்டையைக் குழாயில் கழுவியிருந்தும் நெஞ்சில் பச்சைத் திட்டு இருந்தது.

"திரும்பிக்கூடப் பாக்கல பாத்தியா அந்தப் பய" என்றார் ஸ்டீபன்ராஜ். "ரெண்டு பேரும் இன்னா பாடு பட்டோம்."

"அதுங்க அப்படித்தாம்பா. பெரியவங்க நல்லானப்புறமும் ஒரு மாசம் அதையே பேசிக்கினு இருப்பாங்க. இதுங்க வலி போன நிமிஷமே நம்மள மறந்துட்டு ஓடிடும். எனக்கு அந்த ஓட்டத்தைப் பாக்கப் புடிக்குது."

அவர் டீயில் மிதந்த ஏட்டை ஊதி ஒதுக்கினார். பிறகு ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"கத்தறதுக்கெல்லாம் நான் வேணாங்கல. எல்லாம் ஓடாதும்மா. தொண்ணூத்து மூணுல ஓமந்தூர்ப் பக்கம் ஒரு வூட்ல இருந்து போட்டோ எடுக்கக் கூப்டாங்க. ரெண்டு வயசுப் பொண்ணு. உயிரோட இருந்தப்ப ஒரு போட்டோகூட எடுத்து வெக்கலையாம். தூங்கற மாதிரி எடுத்துக் குடுங்கன்னு அவங்கப்பன் கையப் புடிச்சிக்கினான். எடுத்தேன். அப்ப உங்கம்மாவுக்கு ஏழு மாசம், நீ வயித்துல. வூட்டுக்கு வந்து நான் யார்கிட்டயும் சொல்லல. இன்னி வரைக்கும் சொல்லல. அந்த எடத்துல நீ தெனமும் போய் நிக்கணுமா? அதுக்குத்தான் வேணாங்கறேன்."

ஜெர்லின் அப்பாவின் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

"நானும் பாத்துட்டேம்பா. ஜனவரியில. எட்டு மாசப் பாப்பா. ரெண்டு நாள் நான் கூடவே இருந்தேன், காப்பாத்த முடியல. அந்த வாரம் டூட்டி டூட்டின்னு உங்ககூடப் போன்ல பேசாம இருந்தேனே, அது பொய்."

"அப்பவே வேணாம்னு தோணலையா உனுக்கு?"

"தோணுச்சு. ரெண்டு நாள் ரூம்லயே படுத்துக் கெடந்தேன். மூணாம் நாள் போனா அதே கட்டில்ல வேற ஒரு பாப்பா. மூச்சு வாங்கிக்கினு இருக்கச்சேயே என் கண்ணாடியைப் புடிச்சி இழுத்துச்சு. அதுகிட்ட நான் இன்னா சொல்ல முடியும், எனக்கு மனசு சரியில்ல, அப்புறம் வர்றேன்னா? ஊசி போட்டேன், பாத்துக்கினேன், நாலாம் நாள் வூட்டுக்குப் போச்சு. அன்னிக்குத்தாம்பா முடிவு பண்ணேன். ஆனா நீங்க வேணாம்னா..."

ஸ்டீபன்ராஜ் டீ டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். பையிலிருந்து கவரை எடுத்தார். "போட்டோ எட்டு இருக்குது. பத்திரமா வெச்சிக்கோ" என்றார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. திண்டிவனம் பஸ் வந்ததும் ஏறிப்போய்விட்டார்.

கவுன்சிலிங் அன்று மூன்று பேரும் விடிகாலையில் சென்னைக்குப் போனார்கள். ஞானமேரி வெளியே மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். மண்டபத்துக்குள் பெரிய திரையில் மீதி சீட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பெயர் கூப்பிடும்போதும் ஒரு எண் குறைந்தது. ஜெர்லின் முறை வருவதற்கு முன்னால் ரேடியாலஜியில் ஒரே ஒரு சீட் மிச்சம். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பெயர் வந்தது. இரண்டு பேரும் மேஜைக்கு முன்னால் நின்றார்கள். அதிகாரி தலை நிமிராமல் கேட்டார். "எந்த பிரான்ச்?"

ஜெர்லின் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு நொடி, இரண்டு நொடி.

"பீடியாட்ரிக்ஸ் சார்" என்றார் ஸ்டீபன்ராஜ்.

அதிகாரி நிமிர்ந்து, நரைத்த மீசையைப் பார்த்தார். "கேண்டிடேட் நீங்களா?"

"இல்லைங்க. எம் பொண்ணு."

"அப்ப அவங்க சொல்லட்டும்."

"சொல்லும்மா" என்றார் ஸ்டீபன்ராஜ். "ஜல்தி சொல்லு, பின்னால ஆளு நிக்குது."

"பீடியாட்ரிக்ஸ்" என்றாள் ஜெர்லின். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. அதிகாரிகூடச் சிரித்துவிட்டார்.

அவள் கையெழுத்துப் போடப் போன நேரத்தில் ஸ்டீபன்ராஜ் வாசலுக்கு வந்தார். அடுத்து கூப்பிடப்போகிற பையனின் அப்பா, வியர்வையில் நனைந்து நின்ற ஒரு மனிதர், அவர் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"சார், உள்ள இருந்துதானே வர்றீங்க? ரேடியாலஜி கடைசி சீட்டு இருந்துச்சே, உங்க பொண்ணு எடுத்துட்டாங்களா?"

"இல்லைங்க. அப்படியே இருக்குது. நீங்க எடுத்துக்குங்க."

அந்த மனிதர் நம்பவில்லை. "எடுக்கலையா? முடிஞ்சிதுன்னே நெனச்சேன். அப்ப எதைத்தான் சார் எடுத்தாங்க?"

"கொழந்தைங்க டாக்டர்."

"ஐயோ" என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு. "நீங்க எடுத்துச் சொல்லலையா சார்?"

"நான்தாங்க சொன்னேன்" என்றார் ஸ்டீபன்ராஜ். "போங்க போங்க, உங்க பையன் பேரைக் கூப்பிடறாங்க."